பத்துக் கோடி அணிக்கு ஒன்பது கோடி வரி

2013 ஜூலையில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் புரூக்ளின் நெட்ஸ் அணி, பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெர்ரி மூவரையும் வாங்கியது. கார்னெட்டுக்கு அப்போது 37 வயது, பியர்ஸுக்கு 35. உடனே கோப்பை வேண்டும் என்று செய்த ட்ரேட் (வீரர் பரிமாற்றம்) அது.

என்.பி.ஏ.வில் வீரரைப் பணம் கொடுத்து வாங்கிவிட முடியாது. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம்தான் கைமாறும். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்பைத் தாண்டிவிட்ட அணி என்றால், வருகிற சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடான சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். புரூக்ளினிடம் கணக்கு இடித்தது. அதனால் முந்தைய சீசனில் சொற்பச் சம்பளத்துக்கு ஆடிய கீத் போகன்ஸுக்கு, வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலர் என்று புது ஒப்பந்தம் எழுதி, அவரையும் சேர்த்து பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். தராசுத் தட்டில் வைத்த படிக்கல் மாதிரி!

சரி, செலவு எவ்வளவு? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வீரரின் சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அவர் வரும்போது அணியின் மொத்தச் சம்பளம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சம்பளம் ஓர் அளவுக்கு மேல் போனால் அணி லீக்குக்குக் கட்டுவது ஆடம்பர வரி. அந்த சீசனில் அதற்கான கோடு சுமார் 7.17 கோடி டாலர். அதைத் தாண்டிய முதல் 50 லட்சத்துக்கு, டாலருக்கு 1.50 டாலர் வரி. அடுத்த 50 லட்சத்துக்கு 1.75, பிறகு 2.50, 3.25 என்று நம் வருமான வரி ஸ்லாப் போல ஏறிக்கொண்டே போகும். கோட்டை 2 கோடி தாண்டினால் வரி மட்டும் 4.5 கோடி. புரூக்ளின் 3 கோடிக்கு மேல் தாண்டியது. அந்த உயரத்தில் 50 லட்சம் சம்பளக்காரர் ஒருவரைக் கூடுதலாக வைத்திருந்தால், அவருக்காகவே 2 கோடிக்கு மேல் வரி. பத்துக் கோடிச் சம்பளத்துக்கு ஒன்பது கோடி வரி வந்தது அப்படித்தான். கிடைத்தது 44 வெற்றி. கோப்பைக்கான பிளே-ஆஃப் ஆட்டங்களின் இரண்டாம் சுற்றில் மயாமியிடம் தோல்வி.

பணம் போனதைவிட எனக்கு வலிப்பது ட்ராஃப்ட் உரிமைகள், அதாவது புது இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமைகள், போனதுதான். 2014, 2016, 2018 முதல் சுற்றுத் தேர்வுகளோடு, 2017-இல் பாஸ்டன் விரும்பினால் தன் தேர்வு இடத்தைப் புரூக்ளினின் இடத்தோடு மாற்றிக்கொள்ளும் உரிமையையும் புரூக்ளின் கொடுத்திருந்தது. முதல் சுற்றில் தேர்வாகும் இளைஞரின் சம்பளத்தை, எத்தனையாவதாகத் தேர்வானார் என்பதை வைத்து ஓர் அட்டவணை தீர்மானிக்கிறது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் நான்கு வருஷத்துக்கு அந்தச் சம்பளம்தான். 2016-இல் புரூக்ளினின் அந்தத் தேர்வைக் கொண்டு பாஸ்டன் எடுத்த ஜெய்லன் பிரவுனுக்கு முதல் வருஷம் சுமார் 47 லட்சம். மாற்று உரிமையால் 2017-இல் கிடைத்த முதலிடத்தைப் பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, மூன்றாமிடத்தில் எடுத்த ஜேசன் டேட்டமுக்குச் சுமார் 56 லட்சம். இரண்டையும் கூட்டினாலும் புரூக்ளினில் பியர்ஸ் ஒரே சீசனில் வாங்கிய 1.53 கோடியைத் தொடாது. அந்த ஒரு சீசனோடு பியர்ஸ் கிளம்பிவிட்டார்.

பிரவுனும் டேட்டமும் 2024-இல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்தார்கள். அதற்குள் அட்டவணைச் சம்பளக் காலம் முடிந்திருந்தது. டேட்டமின் புது ஒப்பந்தம் 5 வருஷத்துக்குச் சுமார் 31.4 கோடி. 2023-இல் வந்த விதிகளோ இன்னும் கடுமை: வரிக்கோட்டுக்கும் மேலே இருக்கும் இரண்டாவது எல்லையைத் தாண்டிய அணி, பல வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. படிக்கல் வேலை அங்கே செல்லாது. 2025 கோடையில் சம்பளச் சுமையைக் குறைக்க, கோப்பை வென்ற அணியின் ஜ்ரூ ஹாலிடேயைப் போர்ட்லண்டுக்கும் போர்ஸிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது பாஸ்டன்.