அடுத்த கிடங்கை வெட்டுவதற்கு முன்னர்

வன்னியில் நிலத்தடி ரயில் கிடையாது. ஆனால் மண்ணுக்குள் ஆளை இறக்கும் வேலை நாள்தோறும் நடக்கிறது. குடிநீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டுகிறோம், வீதிக்கு மதகு கட்டுகிறோம், கிணறு இறக்குகிறோம், குளக்கட்டைத் திறந்து பழைய துருசை மாற்றுகிறோம். ஆகவே, நகரங்களில் சுரங்கம் தோண்டுகிறவர்கள் ஒரு வேலையில் கற்றதை அடுத்த வேலைக்கு எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பது எங்களுக்கும் தேவையான விஷயம்.

1994 ஒக்ரோபர் 21இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் அடியில் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கம் இடிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இருந்தும், அதே முறையில் வேலை நடந்த ஜூபிலி ரயில் பாதைச் சுரங்கங்களையும் நிறுத்திவிட்டு ஆராய்ந்தார்கள். பின்னாளில் 42 கிலோமீற்றர் சுரங்கம் தோண்டிய கிராஸ்ரெயில் திட்டத்தில், வேலை செய்தவர்களைக் கொண்டே அனுபவங்களை எழுதுவித்து எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20இல் நிக்கல் நெடுஞ்சாலை அருகே ரயில் பாதைக்காக வெட்டிய, ஏறத்தாழ 30 மீற்றர் ஆழமான கிடங்கு சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு பக்கச் சுவர்களுக்கும் முட்டுக் கொடுத்த உருக்குத் தண்டுகளின் இணைப்பு பலம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. அதே ஒப்பந்தத்தில் முன்னரே இணைப்புத் தகடுகள் நெளிந்திருந்தன. அப்போது செய்த திருத்தம், தகட்டுக்குப் பதில் 'சி' வடிவ உருக்கைப் போட்டது. அது தாங்கும் எல்லை தாண்டியதும் சட்டென்று பலம் இழக்கும். தகடு ஏன் நெளிந்தது என்ற கேள்வி முழுதாகக் கேட்கப்படவில்லை. சுவர் வளைவு எச்சரிக்கை எல்லையைத் தாண்டியபோது எல்லையையே உயர்த்தினார்கள். ஒரு பாடத்தைக் காரணம் விளங்காமல் எடுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவையில்லை.

எங்கள் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண் ஆவணி, புரட்டாதியில் வெடித்துக் காய்ந்து கிடக்கும். வெட்டினால் சுவர் போல நிற்கும். மாரி விழுந்ததும் அதே மண் ஊதி இளகிவிடும். முல்லைத்தீவுக் கரையோர மணலோ எந்த மாதத்திலும் நிற்காது. "போன சைட்டில் முட்டு இல்லாமலே வெட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், எந்த மண்ணில், எந்த மாதத்தில் என்று கேளுங்கள். ஒரு கன மீற்றர் மண் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாது. மார்பளவு மூடினாலே மூச்சு விட முடியாது. ஜேசிபி அள்ளிய மண்ணைக் கிடங்கின் விளிம்பிலேயே குவிப்பதைத்தான் நான் அதிகம் காண்கிறேன். குறைந்தது இரண்டடி தள்ளிக் கொட்டுங்கள். ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் முட்டுக் கொடுங்கள், அல்லது கரையைச் சரிவாக வெட்டுங்கள். ஏறி வர ஏணி உள்ளேயே நிற்கட்டும்.

அப்புறம், தண்ணீர். உமா ஓயா நீர்த்திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நீர் புகுந்தபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. சின்னக் கிடங்குக்குப் பம்பு போட்டு இறைத்தாலும் பக்கத்து வளவுக் கிணறு இறங்கலாம். வேலை தொடங்கும் முன்னரே அந்தக் கிணறுகளின் மட்டத்தை வீட்டுக்காரர் முன்னிலையில் அளந்து ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். தோண்டும்போது பழைய வெடிபொருள் வந்த இடங்களும் அதே கொப்பியில் இருக்க வேண்டும். இது வன்னிக்கே உரிய பதிவு, வேறெவரும் எங்களுக்காக எழுதித் தரப்போவதில்லை.

எழுதியது பைலில் தூங்காமல் இருக்க ஒரு வழி உண்டு. முட்டுக் கொடுப்பதையும் நீர் இறைப்பதையும் கேள்விப்பத்திர விலைப்பட்டியலில் தனித்தனி உருப்படியாகப் போடுங்கள். "மற்றவை"க்குள் அடக்கினால், விலையைக் குறைக்கும் ஒப்பந்தக்காரர் முதலில் கைவைப்பது அதில்தான். சரி, பழைய பதிவே இல்லையென்றால்? அந்த ஊரில் முன்னர் வெட்டிய ஜேசிபிக்காரரைத் தேடிப் பிடியுங்கள். "அண்ணை, போன மாரிக்கு இஞ்ச வெட்டேக்க எத்தினை அடியிலை தண்ணி வந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் திகதியோடு எழுதி, வரைபடத்திலும் குறித்துவிட்டு முட்டுக்குக் கணக்குப் போடுங்கள்.