வருமானம் வந்தால் காற்று தானாகச் சுத்தமாகுமா?

வடசென்னையில் நுரையீரல் மருத்துவம் பார்க்கிறேன். அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் உள்ள எண்ணூர், மணலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம், துணியை மொட்டை மாடியில் காயப்போடுவீர்களா என்று கேட்பேன். "எங்க டாக்டர், சாம்பல் படிஞ்சு திரும்பத் துவைக்க வேண்டியதா இருக்கு" என்பார்கள். "கம்பெனி இல்லன்னா சோறு இல்லையே" என்பதும் அதே வாயிலிருந்து வரும். இரண்டும் உண்மை.

முதலில் வளர்வோம், காசு வந்தபின் காற்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டுவது சுற்றுச்சூழல் குஸ்நெட்ஸ் வளைவு: வருமானம் கூடும்போது மாசு ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கும், கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி. 1990களில் கிராஸ்மன், க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் பல நாட்டுப் புள்ளிவிவரங்களில் இதைக் கண்டார்கள். கந்தக டை ஆக்சைடு, புகை போன்றவற்றுக்கு இது ஓரளவு பொருந்தியது. ஆனால் அந்த இறக்கம் தானாக நடப்பதில்லை என்று எழுதியதும் அவர்களே. அந்தப் பகுதியை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

வளைவு இறங்கும்வரை பிள்ளைகளின் நுரையீரல் காத்திருக்காது. ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத்திறன் பரிசோதனைக் குழாயை வாயில் வைத்து, "நல்லா இழு... ஊது, விடாதே, இன்னும் இன்னும்" என்று சொல்லும்போது, முதல் வினாடியில் வெளிவரும் காற்றின் அளவைத்தான் முக்கியமாகப் பார்க்கிறோம். அந்த அளவு வளர்வது இருபது வயதை ஒட்டி நின்றுவிடும். அதற்குள் குறைந்ததை, பின்னால் வரும் சம்பளத்தால் ஈடுகட்ட முடியாது. தெற்குக் கலிஃபோர்னியாவில் 10 வயதிலிருந்து 18 வரை பிள்ளைகளைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். நுண்துகள் மிகுந்த ஊர்களில் நுரையீரல் திறன் குறைந்தவர்களின் விகிதம், நுண்துகள் குறைந்த ஊர்களில் இருந்ததைப்போல் சுமார் ஐந்து மடங்கு என்று 2004இல் தெரிந்தது. பிறகு அங்கே விதிகள் இறுகின, காற்று தெளிந்தது. அடுத்து வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் மேம்பட்டதை 2015இல் வெளியிட்டார்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது இதுதான். அதற்காக அங்கே தொழில்களை ஒட்டுமொத்தமாக மூடிவிடவில்லை.

இங்கேயும் விதிகள் இறுகியது உண்டு. 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்தபோது எரிபொருளில் கந்தகத்தின் வரம்பு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆனது. அனல்மின் நிலையங்களின் புகைக்கு 2015 டிசம்பரில் போட்ட விதியின் கெடுவோ பலமுறை தள்ளிப்போனது. பிஎம் 2.5 எனும் நுண்துகளுக்கு நம் ஆண்டு வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5.

உங்கள் பகுதிக்குப் புதுத் திட்டம் வந்தால் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போங்கள். 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் தமிழ்ச் சுருக்கம் இருக்கும். காற்றை எந்த மாதங்களில் அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். கடற்காற்று வீசிப் புகை கலையும் காலத்தில் மட்டும் எடுத்திருந்தால், புகை தேங்கும் மார்கழி, தை மாத விடியற்காலை அளவு எங்கே என்று கேளுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிப்பார்கள். உங்கள் கேள்வி அதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.