சொல்லெல்லாம் மாறியும் எலும்புக்கூடு மாறாத சோங்காய் மொழிகள்

மேற்கு ஆப்பிரிக்காவுல நைஜர் ஆறு சஹாரா பாலைவனத்தோட ஓரத்த தொட்டுட்டு தெற்கே வளையுது பாருங்க, அந்த வளைவ ஒட்டிதான் சோங்காய் பேசுறவங்களோட ஊர்கள். மாலியில டிம்பக்டு, காவோ, கீழ வந்தா நைஜர் நாட்டுத் தலைநகர் நியாமே, அப்படியே வடக்கு பெனின் வரைக்கும். பேர் ஒண்ணா இருந்தாலும் இது ஒரே மொழி கிடையாது, ஒரு குட்டி மொழிக்குடும்பம். அதுல பெரியது சர்மா, நைஜர் நாட்டுல ஹவுஸாவுக்கு அடுத்தபடியா அதிகம் பேர் பேசுறது.

ஆத்துல மீன் பிடிக்குற சோர்கோ மக்கள், கரையில நெல்லும் கம்பும் விளைவிக்குறவங்க, பாலைவனம் தாண்டி சரக்கு அனுப்புன வியாபாரிங்கன்னு இத பேசுறவங்க பல வகை. 15ஆம் நூற்றாண்டுல சுன்னி அலி, அவருக்கு அப்புறம் அஸ்கியா முகம்மதுன்னு காவோவுல இருந்து ஆண்டாங்க, பெரிய பேரரசு. 1591ல மொராக்கோ படை துப்பாக்கியோட வந்து தொண்டிபி போர்ல அத உடைச்சிடுச்சு, ஆனா ஜெயிச்ச அந்த சிப்பாய்ங்களோட வாரிசுகள் (அர்மான்னு சொல்வாங்க) கடைசில சோங்காய்தான் பேச ஆரம்பிச்சாங்க.

ஆத்தங்கரையிலேயே மொழி மாறிக்கிட்டே போகுது. சர்மாவுல "அய் நா ஹாம் ங்வா"ன்னா நான் இறைச்சி சாப்பிட்டேன்னு அர்த்தம், வினை கடைசில வருது. டிம்பக்டுல வினை முன்னாடி, இறைச்சி பின்னாடி. சர்மாவுல குரலோட ஏத்த இறக்கம் மாறினா அர்த்தமே மாறும், டிம்பக்டு பேச்சுல அந்த வேலையே இல்ல.

ஆனா என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்துறது ஆத்த விட்டு வடக்கே போன கிளைதான். மாலியோட மெனாகா பக்கம் கால்நடை மேய்க்குற இதக்ஸாஹாக் மக்கள் பேசுறது ததக்ஸாஹாக். பல தலைமுறையா துவாரெக் மக்களோட (சஹாராவுல வாழ்ற, பெர்பர் வகை மொழி பேசுறவங்க) கலந்து வாழ்ந்ததால பெரும்பாலான சொற்கள் துவாரெக் சொற்களாவே ஆகிடுச்சு, சோங்காய் வேர்ச்சொல் சில நூறுதான் மிச்சம். அப்புறம் எப்படி இத சோங்காய்னு சொல்றாங்கன்னா, மிச்சம் இருக்குறது எதுன்னு பாக்கணும்: நான், நீ, அவன்ங்கிற சொற்கள், காலம் காட்டுற ஒட்டுகள், சாப்பிடு, வா, போ மாதிரி தினம் நூறு தடவ வாயில வர்ற வினைகள். இதுதான் மொழியோட எலும்புக்கூடு, அவ்வளவு சீக்கிரம் கடன் வாங்க மாட்டாங்க. இதுலயும் ஒரு அதிசயம் இருக்கு. சாப்பிடுங்கிற வினை சோங்காய் வேர், ஆனா "சாப்பிட வை"ன்னு பிறவினையா ஆக்கணும்னா துவாரெக் முன்னொட்டு சேரணும், அது சேர்ந்த உடனே வேரும் துவாரெக் வேரா மாறிடும். ஒரே வினைக்கு ரெண்டு மொழி வேர், எது எப்போ வரணும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும்!

இன்னும் வடக்கே, டிம்பக்டுல இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி, அல்ஜீரியாவுல தபெல்பாலாங்கிற சோலை ஊர்ல கொராஞ்சேன்னு ஒண்ணு பேசுறாங்க. ஒட்டகப் பாதைல இருந்த ஊர், அந்த வழியா போன மொழி. எண்கள்ல மூணு வரைக்கும்தான் சோங்காய், நாலுல இருந்து அரபு. லமீன் சுவாக்ங்கிற ஆய்வாளர் இத விரிவா பதிவு பண்ணிருக்கார், நல்ல வேலை, ஏன்னா அங்க பிள்ளைங்க அரபுக்கு மாறிட்டு வர்றாங்க. நைஜர் நாட்டு அகதெஸ் நகரத்துல 1850ல ஹைன்ரிஷ் பார்த்ங்கிற ஜெர்மன் பயணி எழுதி வச்ச சோங்காய் வகை இப்போ பேச ஆளே இல்ல.

சரி, இந்தக் குடும்பத்துக்கு உறவுக்கார மொழிகள் எது? 1963ல அமெரிக்க மொழியியலாளர் கிரீன்பர்க் இத நைலோ-சஹாரன்ங்கிற பெரிய ஆப்பிரிக்க மொழிக்குடும்பத்துல சேர்த்தார், நிறைய பேர் ஒத்துக்கல. ராபர்ட் நிக்கோலாய்ங்கிற மொழியியலாளர் இது துவாரெக் மொழியோட கலப்புல இருந்து பிறந்ததுன்னு வாதாடினார், அதுவும் நிக்கல. சோங்காய்ல "நீ"ங்கிறதுக்கு "நி"ன்னு சொல்வாங்க, அத பாத்ததும் நம்ம ஆளுங்க சொந்தம் கொண்டாடக்கூடாது, ஒரு சொல் ஒத்துப்போறது தற்செயலா எங்கயும் நடக்கும். நூத்துக்கணக்கான அடிப்படைச் சொற்கள்ல ஒலிகள் ஒரே ஒழுங்குல மாறியிருக்கணும், அப்பதான் உறவு. அந்த ஒழுங்கு எல்லாரும் ஏத்துக்குற மாதிரி இன்னும் எந்தக் குடும்பத்தோடயும் கிடைக்கல, அதனால பல பேர் இத தனிக் குடும்பமாவே வச்சிருக்காங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது.