அதே ஆண்டு, அதே கொடி, இரண்டு விடைகள்

களப்பணிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் பயிற்சியில் ஆளுக்கொரு சீட்டு கொடுப்பேன். பாதிப் பேர் சீட்டில், "கோயில் திருவிழாவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக்செட் போடுவதை அனுமதிக்கலாமா?" என்று இருக்கும். மீதிப் பேர் சீட்டில், அதையே "தடை செய்ய வேண்டுமா?" என்று கேட்டிருக்கும். பதிலை எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். 'அனுமதிக்கலாமா' சீட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் 'கூடாது' என்று எழுதிவிடுவார்கள். 'தடை' சீட்டு வாங்கியவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு இரண்டு கட்டையும் எண்ணிக் காட்டினால், "ரெண்டும் ஒண்ணுதானே சார், எப்படி இவ்வளவு மாறும்?" என்று சண்டைக்கு வருவார்கள்.

இந்த விளையாட்டு என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் 1941இல் டொனால்ட் ரக் என்பவர் செய்து பார்த்தது. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சை அனுமதிக்கலாமா என்று கேட்டபோது 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். அதைத் தடை செய்ய வேண்டுமா என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான். 'தடை' என்ற சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. போலீசும் வழக்கும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன.

கருத்துக்கணிப்புக் கேள்வித்தாள் எழுதுவதுதான் என் பிழைப்பு. செய்தியில் ஒரு சதவீதத்தைப் பார்த்து அப்படியே நம்பிவிடும் நண்பர்களுக்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது அமெரிக்கக் கொடி விவகாரத்தைத்தான். இவ்வளவு நீளமாகவும் வெளிப்படையாகவும் கேள்வியும் விடையும் பதிவான விஷயங்கள் குறைவு.

கதை 1984இல் தொடங்குகிறது. டல்லஸ் நகரில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்துகொண்டிருந்தது. அங்கே நடந்த எதிர்ப்புப் போராட்டத்தில் கிரெகரி லீ ஜான்சன் என்பவர் நகரமன்றத்துக்கு முன்னால் தேசியக் கொடியை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். ஓராண்டு சிறை, 2,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989 ஜூன் 21 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் ஜான்சன் பக்கம் நின்றார்கள்: கொடியை எரித்ததும் ஒரு கருத்து வெளிப்பாடுதான், பேச்சுரிமை தரும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அதைக் காக்கிறது. அப்போது 48 மாநிலங்களில் இருந்த கொடி அவமதிப்புச் சட்டங்கள் ஒரே நாளில் பல்லிழந்தன. அந்த ஐந்து பேரில் நீதிபதி ஆன்டனின் ஸ்காலியாவும் இருந்தார். கொடி எரிப்பவர்களை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது, அதை வெளிப்படையாகவே சொல்லியும் இருக்கிறார்.

நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 1990 ஜூனில் அதையும் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் தள்ளியது. சட்டத்தால் முடியாது, சாசனத்தையே திருத்த வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது இப்படித்தான். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் வேலையும் மும்முரமானது.

1989 தீர்ப்பு வந்த கையோடு கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது 71 சதவீதம் பேர் திருத்தம் வேண்டும் என்றார்கள். கோபம் சூடாக இருந்த நேரம் அது. 2005இல் அதே நிறுவனத்தின் கணிப்பில் இது 55 ஆக இறங்கியிருந்தது. இறங்கினாலும் பெரும்பான்மைதான்.

இனி நான் சொல்ல வந்த இடம். அதே 2005இல் முதல் திருத்த மையம் என்ற அமைப்பும் இதைக் கேட்டது. அங்கே 63 சதவீதம் பேர் சாசனத்தைத் திருத்த வேண்டாம் என்றார்கள். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே கொடி. ஒருவர் கணக்கில் பெரும்பான்மை வேண்டும் என்கிறது, இன்னொருவர் கணக்கில் வேண்டாம் என்கிறது. யாரோ பொய்க்கணக்கு எழுதிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. கேள்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேலப் கேட்டது: கொடியை எரிப்பதைச் சட்டவிரோதமாக்க நாடாளுமன்றத்துக்கும் மாநிலங்களுக்கும் வழிவிடும் திருத்தத்தை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? இதில் பதில் சொல்பவர் மனதில் வந்து நிற்பது எரியும் கொடிதான். முதல் திருத்த மையம் இரண்டு தரப்பையும் முதலில் சொன்னது. அரசியல் எதிர்ப்பாகக் கொடியை எரிப்பதைத் தடுக்கச் சாசனத்தைத் திருத்த வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், திருத்தக் கூடாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இங்கே மனதில் வருவது சாசனம். வேண்டாம் என்பவர் தனியாள் இல்லை, அப்படி நினைக்கும் மற்றவர்களும் உண்டு என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. முகம் தெரியாத ஆளிடம், அதுவும் தேசியக் கொடி விஷயத்தில், 'எதிர்க்கிறேன்' என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். இரண்டாவது கேள்வி அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. ஃபீல்டில் நின்ற யாருக்கும் இந்தக் கூச்சம் தெரியும். வாசலில் ஒரு பதில் சொல்லிவிட்டு, தண்ணீர் கொடுக்கும்போது, "தம்பி, நான் சொன்னதை எழுதிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்கும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எது சரியான கேள்வி என்று கேட்டால், இரண்டும் சரிதான். இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன, அவ்வளவுதான்.

எனக்குத் தொழில்முறையில் உறுத்தும் இன்னொன்றும் உண்டு. 2006இல் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் ஓட்டெடுப்புக்கு வந்த திருத்தம் ஒரே வாக்கியம். கொடிக்கு நேரடிச் சேதம் செய்து அவமதிப்பதைத் தடை செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதுதான் அதன் சாரம். அது எதையும் தடை செய்யவில்லை. தடை செய்யும் அதிகாரத்தைத்தான் தருகிறது. எது அவமதிப்பு என்றும் சொல்லவில்லை. ஆனால் பேச்சு வழக்கில் எல்லோரும் 'கொடி எரிப்புத் தடை' என்றே சொன்னார்கள். நீச்சலுடையில் கொடி அச்சிடுவது அவமதிப்பா? அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாயிற்று.

இதில் வேடிக்கை, அந்த நாட்டின் கொடி நெறிமுறையே, கிழிந்து பறக்கவிட லாயக்கில்லாத கொடியை மரியாதையோடு அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது என்கிறது. முன்னாள் படைவீரர்களின் அமெரிக்கன் லீஜன் அமைப்பு ஜூன் 14 கொடி நாளில் பழைய கொடிகளைச் சடங்காக எரிக்கிறது. திருத்தம் வேண்டும் என்று முன்னால் நின்றவர்களும் அவர்களே. இதில் முரண் எதுவும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை தீ பிரச்சினையே இல்லை, எரிப்பவரின் மனதில் இருப்பதுதான் பிரச்சினை. ஆனால் மனதில் இருப்பதற்குத் தண்டனை கொடுக்கலாமா என்பதுதானே நீதிமன்றத்தில் வந்த கேள்வி? இவ்வளவையும் பதினைந்து விநாடித் தொலைபேசிக் கேள்வியில் அடைக்க என்னால் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்பவும் மாட்டேன்.

இது பேச்சுரிமைக்கு வரும் முதல் வெட்டாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்டபோது ஆதரவு சட்டென்று சரிந்த கணிப்புகளும் உண்டு. திருத்தத்தை எதிர்த்தவர்கள் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். முதலில் ஒரு பயத்தை விதைத்துவிட்டு அப்புறம் கேட்டால் பயம்தானே விளையும்.

மக்கள் மனம் இப்படி ஊசலாடும்போது அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள்? ஐம்பது மாநில சட்டமன்றங்களும் திருத்தம் வேண்டும் என்று தீர்மானம் போட்டன. நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபை 1995 முதல் 2005 வரை ஆறு முறை நிறைவேற்றியது. செனட்டில் சாசனத் திருத்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்கவில்லை. 2006 ஜூன் 27 அன்று 66க்கு 34, ஒரே ஓட்டில் போனது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஹவாயின் டேனியல் இனோயே ஒருவர். இரண்டாம் உலகப் போரில் ஒரு கையை இழந்தவர் அவர். குடியரசுக் கட்சியின் மிச் மெக்கானலும் எதிர்த்தார். கட்சியை வைத்தோ தேசபக்தியை வைத்தோ இந்த ஓட்டைக் கணித்துவிட முடியாது.

2025 ஆகஸ்டில் டிரம்ப் கொடி எரிப்பு வழக்குகளைத் தீவிரமாக எடுக்கச் சொல்லி ஆணை போட்டதும் பேச்சு மறுபடி கிளம்பியது. இனி சதவீதங்களும் வரும். வந்தால் தலைப்பைத் தாண்டிக் கேள்வியின் முழு வாசகத்தைத் தேடுங்கள். எரிப்பது தவறா என்று கேட்டார்களா, சட்டம் வேண்டுமா என்று கேட்டார்களா, சாசனத்தைத் திருத்த வேண்டுமா என்று கேட்டார்களா? மூன்றும் மூன்று. 'கருத்து இல்லை' என்று சொல்ல இடம் இருந்ததா, இதற்கு முந்தைய கேள்வி என்ன என்பதையும் பாருங்கள். ராணுவத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு ஐந்தாவதாகக் கொடியைப் பற்றிக் கேட்டால் விடை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

சில வருடம் முன்பு ஒருவர் எங்களிடம் கணிப்பு நடத்தச் சொல்லி வந்தார். விஷயம் வேறு, கொடி இல்லை. "கேள்வியை நாங்களே எழுதித் தர்றோம் சார், நீங்க ஆள் மட்டும் அனுப்புங்க" என்றார். படித்துப் பார்த்தால் கேள்வியிலேயே பதில் இருந்தது. வாசகத்தை மாற்றினால்தான் செய்வோம் என்றேன். போய்விட்டார். மூன்று வாரம் கழித்து அந்த விஷயத்தில் ஒரு சதவீதம் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. கேள்வி வரவில்லை.