கமென்ட் எழுதத் தோன்றும் இடத்தில் ஃபங்ஷனைப் பிரியுங்கள்

பில் போடும் மென்பொருளில் 200 வரிக்கு நீளும் ஒரு ஃபங்ஷனை (பெயர் வைத்த கோட் தொகுதியை) திறந்தால் நடுநடுவே கமென்ட்கள் (படிப்பவருக்கான குறிப்புகள்) இருக்கும்: ‘இங்கே தள்ளுபடி’, ‘இனி வரி’, ‘கடைசியாக டேட்டாபேஸில் சேமிப்பு’. அந்தந்த இடத்தில் வேலை மாறுகிறது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது. வெட்டவேண்டிய இடங்களும் அவையே.

முதலில், இப்போது வரும் விடையை அப்படியே உறுதிசெய்யும் டெஸ்ட் எழுதுங்கள்: தள்ளுபடி உள்ள பில், இல்லாத பில், சரக்கு திரும்பி வந்த பில். பிறகு தள்ளுபடிப் பகுதியை மட்டும் செலக்ட் செய்து, பைத்தான் எடிட்டரான பைசார்மில் கன்ட்ரோல்-ஆல்ட்-எம் அழுத்தினால் அது தனி ஃபங்ஷனாகிவிடும். கமென்ட்டில் இருந்த சொல்லையே பெயராக வைத்துவிட்டு, கமென்ட்டை அழியுங்கள். டெஸ்டை ஓட்டி, கமிட் செய்த (மாற்றத்தைப் பதிவுசெய்த) பிறகே அடுத்த பகுதி. அதே கமிட்டில் எந்தப் பிழையையும் சரிசெய்யாதீர்கள். விடை மாறினால், பிரித்ததால் மாறியதா, திருத்தியதால் மாறியதா என்று ரிவ்யூ செய்பவர் திணறிப்போவார்.

பிரித்த ஃபங்ஷன் ஆறேழு பாராமீட்டர் (வெளியிலிருந்து தரவேண்டிய மதிப்பு) கேட்டால் அன்டூ செய்துவிட்டு, மதிப்புகளைப் பெயரிட்டு வைத்திருக்கும் வேரியபிள்களைப் பாருங்கள். ‘தொகை’ என்ற ஒரே பெயரில் மேலே தள்ளுபடிக்கு முந்தைய விலையும் கீழே வரி சேர்ந்த விலையும் இருக்கும். அதை இரண்டு வேரியபிளாக்கிய பின் வெட்டினால் சுலபமாகப் பிரியும். அதற்காக கோட் வரிகளை எண்ணி வெட்டவும் கூடாது. உள்ளே இருக்கும் ஒற்றை வரியைவிடப் பெயர் கூடுதலாக எதையும் சொல்லாவிட்டால், அந்த ஃபங்ஷன் படிப்பவரை அலையவிடும், அவ்வளவுதான்.

கமென்ட்டாக்கி வைத்த பழைய கோட் வரிகளை அழித்துவிடலாம், பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் அவை பத்திரமாக இருக்கின்றன.

மிஞ்சவேண்டியது காரணம் சொல்லும் கமென்ட். வரியை முழு ரூபாயாக்கும் இடத்தில் ‘ரவுண்ட் செய்கிறோம்’ என்று எழுதுவது வீண். ‘மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 170: 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாகக் கூட்ட வேண்டும், குறைந்தால் விட்டுவிட வேண்டும்’ என்று எழுதுங்கள். பைத்தான் 3-இன் ரவுண்ட் ஃபங்ஷன் சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும், 42.50 அதில் 42 ஆகும், சட்டப்படி 43 ஆகவேண்டும். பைத்தானின் டெசிமல் மாட்யூலில், பாதியை மேலே தள்ளும் ரவுண்ட்-ஹாஃப்-அப் போட்டிருப்பது அதனால்தான். அந்தக் கமென்ட் இல்லாவிட்டால், புதிதாக வருபவர் ‘எதற்கு இவ்வளவு சுற்றி?’ என்று நல்லெண்ணத்தோடு அதை வெறும் ரவுண்ட் ஆக்கிவிடுவார்.