மெயில்பாக்ஸ் மாற்றப் போகிறீர்களா? தபால் துறை விதியும் ஹெச்.ஓ.ஏ. விதியும்

அமெரிக்காவில் ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருக்கும் குடியிருப்பில் வீடு வாங்கியவர், வாசல் மெயில்பாக்ஸ் விஷயத்தில் இரண்டு பேருக்குக் கட்டுப்பட வேண்டும். பெட்டி எங்கே, எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது தபால் துறை. நிறம், மாடல், தூணின் தோற்றம் ஆகியவற்றைச் சொல்வது வீட்டு உரிமையாளர் சங்கம். சங்கமே சம்மதித்தாலும் தபால் துறையின் அளவு மாறாது. (வரிசையாகப் பூட்டுப் பெட்டிகள் வைத்த பொதுப் பெட்டி உள்ள புதுக் குடியிருப்புகளுக்கு இது பொருந்தாது. அங்கே தனிப்பெட்டி வைக்க நினைக்க வேண்டாம்.)

சாலை மட்டத்திலிருந்து பெட்டியின் அடிப்பகுதி 41 முதல் 45 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். கர்ப் எனப்படும் சாலையோரக் கட்டின் விளிம்புக்கும் பெட்டியின் கதவுக்கும் 6 முதல் 8 அங்குல இடைவெளி வேண்டும். தபால்காரர் வண்டியை விட்டு இறங்காமல் கை நீட்டிப் போடுவதற்கான கணக்கு இது. அதனால் டேப்பைப் புல்தரையில் வைத்து அளக்காதீர்கள். புல்தரை பெரும்பாலும் சாலையைவிட மேடாக இருக்கும், அளவு தப்பிவிடும். வீட்டு எண்ணின் எழுத்து குறைந்தது 1 அங்குலம் இருக்கட்டும்.

தூணில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். 4 அங்குலச் சதுர மரக்கட்டையோ, 2 அங்குலக் குழாயோ போதும். 24 அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் புதைக்க வேண்டாம். கார் மோதினால் தூண் சாய வேண்டும். கான்கிரீட்டில் கட்டிவிட்டால் தூண் நிற்கும், காரில் இருப்பவர்தான் அடிபடுவார். தோண்டும் முன் 811-ஐ அழையுங்கள். கேஸ், மின்சார லைன் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள்.

இன்னொன்று: பொங்கல் விழா அழைப்பிதழைத் தபால்தலை ஒட்டாமல் அக்கம்பக்கத்துப் பெட்டிகளில் போடுவது மத்தியச் சட்டப்படி தவறு. வாசற்கதவில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சங்கத்தின் விதி, வீடு வாங்கும்போது தரும் ஆவணக் கட்டிலோ தனியான வடிவமைப்பு விதிகளிலோ இருக்கும். பெட்டியின் படம், பெயின்ட்டின் பெயர், தூணின் அளவு எல்லாம் சேர்த்து விண்ணப்பம் கொடுங்கள். எழுத்தில் அனுமதி கைக்கு வந்த பிறகு பெட்டி வாங்குங்கள். "எதிர்வீட்டில் இதே மாதிரிதானே வைத்திருக்கிறார்கள்" என்பது அனுமதி ஆகாது. அவர்களுக்கும் நோட்டீஸ் போயிருக்கலாம்.

நோட்டீஸ் வந்துவிட்டதா? பதறிப்போய் ஃபைன் கட்ட வேண்டாம், கிடப்பில் போடவும் வேண்டாம். டெக்சாஸில் அபராதம் விதிக்கும் முன் சங்கம் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள் நீங்கள் விசாரணை கேட்கலாம். ஃபுளோரிடாவில் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நிர்வாகக் குழுவில் இல்லாத 3 பேராவது கொண்ட கமிட்டி உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். வேறு மாநிலமென்றால் அங்குள்ள சட்டத்தைப் பாருங்கள். விசாரணைக்குப் போகும்போது அனுமதி வந்த மின்னஞ்சலையும், டேப் வைத்து அளந்தபடி எடுத்த படத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.