புல்வெளியில் குழி தோண்டாதீர்கள்

ஜூன் மாதம் பிறந்தாலே எனக்குத் தொலைபேசி மணி அடித்தால் வயிற்றைக் கலக்கும். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள். "நீலகிரியில் மரம் நட ஓர் இடம் காட்டுங்கள், சார்" என்று அதற்கு நான்கு நாள் முன்னும் பின்னும் யாராவது கேட்பார்கள். இந்த ஆண்டு கேட்கக்கூட இல்லை. நட்டு முடித்துவிட்டுப் படம் அனுப்பினார்கள்.

படத்தில் இருந்த சரிவு எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். உதகைக்கு மேற்கே ஒரு ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, மேல்புறம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெண்களோடு சேர்ந்து வருடக்கணக்காகச் சீகை (வாட்டில் என்ற அயல் மரம், சீகைக்காய் இல்லை) நாற்றுகளைப் பிடுங்கி, ஒருவழியாகப் புல் தலையெடுக்க வைத்திருந்தோம். இப்போது அதில் வரிசை வரிசையாகக் குழிகள், குழிக்கொரு மூங்கில் குச்சி. செடிகளைவிடப் பெரிதாக ஒரு பெயர்ப்பலகை. அதுகூடப் பரவாயில்லை. சரிவின் அடியில் இருக்கும் சதுப்பின் குறுக்கே பொக்லைனால் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். கீழ் வரிசைச் செடிகள் ஈரத்தில் அழுகிவிடக் கூடாதாம். இந்த யோசனையைச் சொன்னவர் பொக்லைன் ஓட்டுநர். ஊரில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நட்டவை என்னென்ன என்று விசாரித்தேன். வேம்பு, புங்கை, சில்வர் ஓக். 2,000 மீட்டர் உயரத்தில் வேம்பு! அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஜனவரி உறைபனி அதைப் பார்த்துக்கொள்ளும். பிழைத்துவிடக்கூடியது சில்வர் ஓக்தான். ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது செடியே இல்லை, குழி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், இருபது ஆண்டுகளாக நான் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கேள்வி. "சும்மா கிடக்கிற இடத்தில் மரம் வைத்தால் நல்லதுதானே?"

அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. சமவெளியிலிருந்து வருபவர்களின் கண் அப்படிப் பழகியிருக்கிறது. ஊர்ப்பக்கம் ஒரு கரடு மொட்டையாக நின்றால் யாரோ வெட்டித் தீர்த்துவிட்டார்கள் என்று பொருள் கொள்கிறோம். அங்கே அது சரியாகவும் இருக்கலாம். அதே கண்ணோடு சுமார் 1,800 மீட்டருக்கு மேலே வந்து, மடிப்புகளில் சோலை என்கிற குட்டையான அடர்காடும் முகடுகளில் புல்லுமாக இருக்கும் மலையைப் பார்த்தால், புல் இருக்கும் இடமெல்லாம் காடு அழிந்த இடமாகத் தெரிகிறது. ஆங்கிலேயர்களும் இப்படித்தான் பார்த்தார்கள். அவர்கள் ஏடுகளில் எழுதிய 'தரிசு' என்ற சொல் இன்னும் நம்மை விடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும் சீகையையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு நாமும் ரேயானுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று அவற்றை இன்னும் பரப்பினோம். அந்தத் தோட்டங்களைத்தான் இன்றைக்குச் சுற்றுலா வருபவர்கள் 'அடர்ந்த காடு' என்று படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இந்தப் புல்வெளியின் வயது என்ன தெரியுமா? நீலகிரிச் சதுப்புகளின் அடியில் படிந்திருக்கும் கரிமக் கசடை ஆராய்ந்து 1993ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மடிந்த புல் விட்டுச்செல்லும் தடம் வேறு, மரம் விட்டுச்செல்லும் தடம் வேறு. அந்தப் படிவுகளில் ஏறத்தாழ 20,000 ஆண்டுக் கதை இருக்கிறது, அதில் புல் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே தேயிலைத் தோட்டமும் இல்லை, விறகுக் கடையும் இல்லை. சோலையை வெட்டித்தான் புல்வெளி வந்தது என்று இனியும் யாராவது மேடையில் பேசினால், தயவுசெய்து எழுந்து மறுத்துப் பேசுங்கள். இலக்கியம் பிடித்தவர்களுக்கு வேறு விதமாகவும் சொல்லலாம். குறிஞ்சித் திணைக்குப் பெயர் கொடுத்தது மரமில்லை, செடி. 12 ஆண்டுக்கு ஒருமுறை அது சரிவையே நீலமாக்குவது வெயில் படும் திறந்த புல்வெளியில்தான். மரத்தை நட்டு நிழலாக்கிவிட்டால் அது எங்கே போய்ப் பூக்கும்?

"சரி, மரம் இருந்தால் மழை வரும், தண்ணீர் பெருகும் அல்லவா?" அடுத்து இந்தக் கேள்வி வரும். இதற்கும் இந்த மலையிலேயே அளந்து வைத்த விடை உண்டு. உதகையில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்வடிப்பகுதிகளை எடுத்துக்கொண்டு 1968 முதல் ஓடைநீரை அளந்தார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றொன்றில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே, மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி மறுபடி துளிர்க்கவிட்ட இரண்டாவது சுற்றில் இன்னும் குறைந்தது. வானத்திலிருந்து விழுந்த மழை இரண்டுக்கும் ஒன்றுதான். என் துறையில் இந்த ஆய்வை அறியாதவர் இல்லை, ஆனால் நாங்கள் அதை எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்துவிட்டோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எண்களில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஏப்ரல் மாதத்தில் என்னோடு ஒரு சதுப்புக்கு வாருங்கள். மேலே புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருக்கும். சதுப்பில் முழங்கை வரை கையை விட்டு, கறுப்பாக ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகும். தேயிலைச் சக்கையைப் பிழிவது போல இருக்கும். மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் அந்த நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. ஊரின் ஊற்று அதுதான். இப்படிப்பட்ட இடத்தின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டுவது நிறைகுடத்தின் அடியில் ஓட்டை போடுகிற வேலை.

அந்த நீர் ஹட்டியோடு நிற்பதில்லை. முக்குருத்திப் பக்கம் புறப்படும் பைக்காரா, மலையிறங்கி மாயாறாகிப் பவானிசாகர் அணைக்குப் போகிறது. ஈரோட்டுப் பக்கத்து வயலுக்குப் பாயும் தண்ணீரில் இந்தச் சதுப்புகளின் பங்கும் உண்டு. விவசாயியைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மற்ற உயிர்களைப் பற்றிச் சொன்னால்தான் "இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்கிறார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. மாயாற்றின் ஆழமான மடுக்களில் முதுகு திமிலாக உயர்ந்த ஒரு மாசீர் மீன் இருக்கிறது. உலகத்தில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத அது, 2018 முதல் மிக அருகிவிட்ட உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. கோடையில் ஆறு எவ்வளவு வற்றுகிறதோ அவ்வளவு அதற்கு இடம் சுருங்குகிறது. அதே பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் கூடு கட்டுவது ஓடையோரத்து நீர்மருது மரங்களில். பாறுகளைக் கொன்ற டைக்ளோஃபினாக் என்ற கால்நடை மருந்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று, பேசவும் வேண்டும். ஆனால் மருந்தை ஒழித்துவிட்டு ஓடையைக் காயவிட்டால், நீர்மருது பட்டுப்போன பிறகு அந்தப் பறவை எதில் கூடு கட்டும்?

மேலே, குழி தோண்டிய இடத்துக்கே திரும்புவோம். சங்கப் பாடல்களில் வருடை என்று வரும் வரையாடு நம் மாநில விலங்கு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 எண்ணப்பட்டன. அதைக் காப்பாற்ற அரசு 25 கோடி ரூபாய்த் திட்டம் நடத்துகிறது. அது மேய்வது புல்லை, சில்வர் ஓக் இலையை இல்லை. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிட்டுக்குருவி அளவுப் பறவையைப் பற்றி யாரும் சுவரொட்டி அடிப்பதில்லை. புல் தூரின் அடியில், தரையில் கூடு வைக்கும் பறவை அது. பக்கத்தில் நின்றாலும் கூடு தெரியாது. ஒருமுறை என் பூட்ஸுக்கும் ஒரு கூட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. உடன் வந்த ஊர்க்காரம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் மிதித்திருப்பேன். நூறு மாணவர்களை மண்வெட்டியோடு அந்தச் சரிவில் ஏற்றினால் எத்தனை கூடு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது குழிக்கு வருகிறேன். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கும். புல்லின் வேர்ப்பாய் மூடியிருக்கும் வரை பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். பாயைக் கிழித்தாலோ தீ வைத்தாலோ எழுந்துவிடும். நீங்கள் நட்ட வேம்பு செத்த பிறகும், குழியில் சீகை முளைக்கும். அடுத்த வருடம் பெயர்ப்பலகையைச் சுற்றி நன்றாகப் பச்சையாக இருக்கும், பார்த்துவிட்டு மகிழ்ச்சியாகப் படமும் எடுப்பீர்கள். இதை நான் மூன்று இடங்களில் பார்த்துவிட்டேன்.

அதற்காக நாளைக்கே கோடரியை எடுத்துக்கொண்டு சீகையை வெட்டக் கிளம்பிவிடாதீர்கள். முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கும். அங்கே கை வைக்கக் கூடாது. ஒரே மூச்சில் மொட்டையடித்தால் விதையெல்லாம் ஒன்றாக முளைத்து, முன்பைவிட நெருக்கமாகிவிடும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை நடந்து பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். அப்படி நடப்பதற்கு ஊரார் துணை இல்லாமல் முடியாது.

'மக்கள் பங்கேற்பு' என்ற சொல்லைத் திட்ட அறிக்கைகளில் பார்த்துப் பார்த்து எனக்கு அலர்ஜியே வந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, டீ, இரண்டு பிஸ்கெட், ஒரு குழுப்படம். நான் பார்த்த பங்கேற்பு வேறு. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வது சதுப்பில் வளரும் ஒரு வகைப் புல்லால். அந்தப் புல் எந்தச் சதுப்பில் இன்னும் இருக்கிறது, எதில் தீர்ந்துபோனது என்பது அந்தப் பெரியவர்களின் விரல் நுனியில் இருக்கிறது. நான் வரைபடம் போடுவதற்கு முன்பு அவர்களிடம் போகிறேன். ஹட்டிப் பெண்கள் கோடையில் வாரம் ஒருமுறை ஊற்றுக் குழாயடியில் ஒரே குடத்தை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். வாய்க்கால் வெட்டிய விஷயத்தில் எனக்கு முன்பே சண்டைக்குப் போனது அந்த நோட்டுதான். "தம்பி, குடம் நிரம்ப நேரமாகிறது, மேலே யாரோ என்னமோ செய்துவிட்டார்கள்" என்று பாட்டி ஒருவர் சொல்லியனுப்பிய பிறகுதான் அந்தப் படத்தையே நான் ஒழுங்காகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எனவே சில விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். புல்வெளியில் மரம் நடாதீர்கள். ஒன்றுகூட வேண்டாம். அங்கே தனியாக நிற்கும் சிவப்புப் பூ மரம், காட்டுப் பூவரசு, தானாக வந்தது. நட்டே தீர வேண்டுமென்றால் பள்ளிக்கூட வளாகம் இருக்கிறது, வீட்டு வேலியோரம் இருக்கிறது, சோலை சிதைந்துபோன ஓரங்கள் இருக்கின்றன. சோலை ஓரத்தில் சோலை மரம் மட்டும், வனத்துறையைக் கேட்டுவிட்டு. சதுப்பில் வாய்க்கால் வெட்டாதீர்கள், ஜீப் ஓட்டாதீர்கள், கேரட் போடுவதற்காக வடித்துவிடாதீர்கள். கேரட் கழுவும் இயந்திரத்தின் கழிவை ஓடையில் விடுகிறவர்களுக்கு, அந்தத் தண்ணீர்தான் கீழே உங்கள் மச்சான் வீட்டுக் குடத்துக்குப் போகிறது. சதுப்புக்குள் கான்கிரீட் தடுப்பணை கட்ட மதிப்பீடு போடும் பொறியாள நண்பர்களே, அங்கே தண்ணீரைத் தடுப்பதற்கு மண்ணே போதும். வெட்டிய வாய்க்காலைக் கல்லும் புல்கட்டியும் வைத்து அடைத்தால் வேலை முடிந்தது. பில் சிறியதாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

நன்கொடை தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மரக்கன்றுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் போடாமல், ஓர் ஊருக்குத் தொடர்ந்து ஐந்து வருடக் கூலிக்குப் பணம் தாருங்கள். சீகை நாற்று பூப்பதற்கு முன் வருடாவருடம் பிடுங்கப்பட வேண்டும். அதற்குத் திறப்பு விழா கிடையாது, ரிப்பன் கிடையாது.

படம் அனுப்பியவர்களிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டார்கள், பிறகு நேரில் வந்தார்கள். வாய்க்காலை ஊராரோடு சேர்ந்து இரண்டு நாளில் அடைத்துவிட்டோம். செடிகளை எடுத்து ஒரு பள்ளிக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள், பெயர்ப்பலகையையும் சேர்த்துக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். குழிகளில் புல் தூர்களைப் பிரித்து நடும் வேலை மழை நிற்பதற்குள் முடிய வேண்டும். வர விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஹட்டி டீக்கடைக்கு வாருங்கள். மண்வெட்டி வேண்டாம், ஊரில் இருக்கிறது. தடித்த கையுறை கொண்டுவாருங்கள். சீகை நாற்று கையை ஒன்றும் செய்யாது, அதற்கு நடுவே மஞ்சள் பூ பூத்து நிற்கும் கோர்ஸ் முள் விடாது.